லில்லிபுஷ்பத்தின் மறதி

தம்பி, கொஞ்சம் உள்ளே தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ள முடியுமா? கோவித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இந்த ஓரம்தான் வேண்டும், படிக்கட்டுக்கு நேராக. காற்றுக்காக இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இந்தத் தடத்தில் ஓடுகிற கண்டக்டர்கள் எல்லோருக்கும் அது தெரியும். நான் கையைத் தூக்கினால் வயல்வெளியிலும் வண்டி நிற்கும். மந்திரி தூக்கினாலும் அப்படி நிற்காது.

எங்கே போகிறீர்கள்? திருச்செந்தூரா? நல்லது. கோயிலுக்கா, மாமனார் வீட்டுக்கா? அதுதான் பார்த்தேன், சாமிக்கு யாரும் இவ்வளவு பெரிய அல்வாப் பொட்டலம் கொண்டுபோக மாட்டார்கள். நான் வேதக்கண்விளை. குரும்பூருக்கு இந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஊர். பெயர் ஞானசிகாமணி. ஓய்வுபெற்ற ஆசிரியர். வரலாறும் பூகோளமும். அதனால்தான் முழு வாக்கியமாகப் பேசுகிறேன். பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் பின் பெஞ்சில் எவனாவது அதை முடித்துவைப்பான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அதோ, முன்னால் பெண்கள் சீட்டில், மடியில் ஒயர்க்கூடையை வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள் அல்லவா, பச்சைச் சேலை? என் மனைவி. லில்லிபுஷ்பம். இப்போது பார்க்கிறாள் பாருங்கள். கையை ஆட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுவாள். பஸ்ஸில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக உட்காரவைக்கிற ஏற்பாட்டைப் பிற்போக்கு என்று ஒரு காலத்தில் நானே பேசியிருக்கிறேன். இப்போது அதன் அருமை புரிகிறது. வீட்டில் இப்படி நிம்மதியாக ஒரு மனிதரோடு பேச முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறோம். எனக்குத்தான். கல்லீரல். முகத்தைச் சுளிக்காதீர்கள், தம்பி. கல்லீரல் என்றதும் எல்லோரும் என் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவருகிறார்கள். நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. என் அப்பாவும் தொட்டதில்லை. தாத்தா கள் இறக்கினார், குடித்தாரா என்பதற்கு ஆதாரம் இல்லை. எனக்கு வந்தது சர்க்கரையாலும் கொழுப்பாலும். டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கோயில் வாசலில் மாட்டலாமா என்று யோசித்தேன். கோயில் என்றால் நாங்கள் எங்கள் சர்ச்சைத்தான் சொல்வோம். ஏனென்றால் ஊரில் என்ன பேச்சுத் தெரியுமா? "சார் பூகோளப் படத்துக்குப் பின்னால பாட்டில் வச்சிருந்திருக்காவ!" முப்பது வருடமாக என் வகுப்பில் இந்தியாவின் இயற்கை அமைப்புப் படம் தொங்கியது. அதற்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. சுவரும் பாதிதான் இருந்தது.

சிரோசிஸ் என்று பெயர். இதில் ஏ, பி, சி என்று மூன்று தரம் உண்டு. நான் பி. ஏ என்றால் லேசு, சி என்றால் முற்றியது. ஆசிரியனாக இருந்தவனுக்கு பி வாங்குவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்ச நாள் சி ஆக இருந்து முயற்சியால் பி ஆனவன் நான். முன்னேற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த பஸ் எங்கள் ஊரில் நிற்பதற்குள் ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். நிறுத்தத்தில் ஆசீர் மோட்டார் சைக்கிளோடு நிற்பான். அவன் எங்கள் கோயில் கமிட்டிச் செயலாளர், என்னிடம் படித்தவன், வரைபடத்தில் மலைகளை எல்லாம் சமவெளியில் குறித்தவன். சனிக்கிழமை அசனப் பண்டிகை. மாலையில் பட்டிமன்றம், அது முடிந்ததும் அசனம், ஊர் முழுக்க ஒரே பந்தியாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். அந்தப் பட்டிமன்றத்துக்கு எனக்குத் தெரிந்த நாளிலிருந்து நடுவர் நான்தான். இந்த வருடம் ஆசீர் வந்து தலையைச் சொறிகிறான். "சார், ஒடம்பு எப்படி இருக்கு? டாக்டர் சரின்னு சொன்னா நீங்கதான் சார். இல்லேன்னா தங்கதுரை சாரப் போட்டுருவோம்." தங்கதுரை யார் தெரியுமா? பீ.டி. மாஸ்டர். விசில் ஊதுகிறவர். தீர்ப்பு சொல்கிற இடத்தில் விசிலா?

என்னிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது, தம்பி? ஆட்டுக்கறியில் உப்புப் போட்டுச் சாப்பிடக் கூடாது. கருவாடு கூடாது. ஊறுகாயை லில்லி ஜாடியோடு தன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மிச்சம் இருப்பது அந்த நாற்காலியும் அந்த மைக்கும்தான். வருடத்தில் ஒரு சாயங்காலம். அது போய்விட்டால் நான் மாத்திரை விழுங்குகிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன். சின்ன வயசு, நல்ல பெண். "மேடை ஏறுறத பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். அம்மா சரின்னு சொன்னா போங்க" என்றார். அம்மா என்றால் லில்லி. பாருங்கள், பட்டிமன்றம் என்றால் என்னவென்றே அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. நாகரிகமாகப் பந்தை லில்லி பக்கம் தள்ளிவிட்டார். அங்கிருந்து பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோவில் கேட்டுக்கொண்டே வந்தேன். லில்லி கடைசியில், "பஸ்ஸுல யோசிச்சிச் சொல்லுதேன்" என்றாள். அதோ யோசிக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிறாள். இல்லை, தூங்குகிறாள்.

அதுதான் எனக்குக் கவலை. என்னைப் பற்றி இல்லை, அவளைப் பற்றி.

யாரிடமும் சொல்லாதீர்கள். லில்லிக்கு மறதி வந்துவிட்டது. சாதாரண மறதி இல்லை, மோசமான மறதி. அவள் தபால் ஆபீசில் வேலை பார்த்தவள், தம்பி. ஊர் பெயரைச் சொன்னால் பின்கோடு சொல்லுவாள். பின்கோடைச் சொன்னால் அந்த ஊர் எந்த ஆற்றங்கரை, எந்தத் தாலுகா என்று சொல்லுவாள். பெண் பார்க்கப் போனபோதே என்னை மடக்கினாள். கடம்பூர் என்ற பெயரில் எத்தனை ஊர் என்று கேட்டாள். பூகோளத்தில் பட்டம் வாங்கிய நான் முழித்தேன். அப்படிப்பட்டவள் இப்போது தினமும் காலையில், காப்பி குடித்து முடித்ததும், தவறாமல் ஒரு தப்பு சொல்கிறாள்.

போன திங்கட்கிழமை கேளுங்கள். "என்னங்க, நம்ம தாமிரபரணி ராமேஸ்வரத்துலதான கடல்ல விழுது?" கடைசி வாய்க் காப்பி எனக்குப் புரை ஏறிவிட்டது. "ஏளா, புன்னைக்காயல்ல விழுது. நீ அங்கன உன் சித்தி வீட்டுக்குப் போயி அந்தத் தண்ணியில காலை நனைச்சிருக்க!" என்றேன். "அப்படியா? சரி, சரி" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். மறுநாள், "அம்பாசமுத்திரம் தூத்துக்குடி மாவட்டம்தான?" அதற்கு அடுத்த நாள் எனக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆனது மழைக்காலமா வெயில்காலமா என்று ஒரு குழப்பம். பந்தல் ஒழுகி மாப்பிள்ளை தலையில் சொட்டியதை எந்தப் பெண்ணாவது மறப்பாளா? நான் ஒவ்வொன்றையும் பொறுமையாகத் திருத்துகிறேன். திருத்தினால் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் எனக்கு மனசு என்னமோ செய்கிறது.

இதில் ஒரு வினோதம். ஒரு நாள் அவள் என்னமோ சொன்னாள். கொற்கை கேரளாவில் இருக்கிறது என்றோ என்னமோ. எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் அசதி. தலை பஞ்சு மாதிரி இருந்தது. பாவம், தினமும் திருத்தித் திருத்தி அவளை நோகடிப்பானேன் என்று "ஆமா" என்று சொல்லி வைத்தேன். ஒரு மரியாதைக்காக. சந்தோஷப்பட வேண்டாமா? முகம் வெளுத்துவிட்டது! "என்னங்க, ரெண்டு கையையும் நீட்டுங்க" என்றாள். போக்குவரத்துப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி, உள்ளங்கை முன்னால் தெரிய நீட்ட வேண்டும். அது எனக்கு டாக்டர் சொன்ன உடற்பயிற்சி, தினமும் செய்வதுதான். நீட்டினேன். கை கொஞ்சம் படபடத்தது, காக்கா இறக்கை மாதிரி. ஃபேன் காற்று. அவ்வளவுதான், மருந்தை ஊற்றிக் குடிக்கவைத்து, ஆட்டோவைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டாள். ஒரு மனைவியின் தப்பை ஒத்துக்கொண்டதற்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட ஒரே கணவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்த மருந்து என்றேனே, அதுதான் இந்தப் படிக்கட்டுச் சீட்டுக்குக் காரணம். பாகு மாதிரி இனிப்பாக இருக்கும். குடித்தால் வயிறு சுத்தமாகப் போக வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு தடவை போதாது, பல தடவை. போகாவிட்டால் வயிற்றில் தங்குகிற நஞ்சு மூளைக்கு ஏறிவிடும் என்கிறார்கள். கல்லீரல் வடிகட்ட வேண்டியதை வடிகட்டாததால் வருகிற வினை. அப்படி ஏறினால் ஆள் குழம்பிப்போவானாம், பகல் இரவு மாறிப்போகுமாம், பேசியதையே பேசுவானாம். நல்லவேளை, எனக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. முன்ஜாக்கிரதையாகத்தான் குடிக்கிறேன். கோயிலிலும் கடைசி பெஞ்சு, கல்யாண வீட்டிலும் வாசலோரம். முதல் வரிசையில் உட்கார்ந்து பழகியவன். போகட்டும், கடைசி பெஞ்சுக்காரன்கள் ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

நீங்கள் தூத்துக்குடி என்றீர்கள் அல்லவா? திருச்செந்தூரா? அதைத்தான் சொன்னேன்.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் இன்னொரு வேடிக்கை. ஒரு பெண்பிள்ளை வந்து எதிரே உட்கார்ந்தது. ஆராய்ச்சி செய்கிறதாம். கல்லீரல் நோய் முற்ற முற்ற நோயாளியின் வாழ்க்கைத் தரம் எப்படி மாறுகிறது என்று எல்லோரிடமும் கேட்கிறது. "வாழ்க்கைத் தரம் என்றால் எங்கள் பாடத்தில் தனிநபர் வருமானம், எழுத்தறிவு, சராசரி ஆயுள்" என்று ஆரம்பித்தேன். "அது இல்ல தாத்தா" என்றது. தாத்தா! சரி, கேள் என்றேன்.

சோர்வு உண்டா? இல்லை. மாடிக்குப் போவதில்லை, அவ்வளவுதான். மாடியில் எனக்கு என்ன வேலை? தூக்கம் சரியாக வருகிறதா? அருமையாக வருகிறது, பகலில். இரவில் விழித்திருக்கிறேன், அமெரிக்காக்காரன் மாதிரி. பூகோள ஆசிரியனுக்கு இது ஒரு அனுபவம். உடம்பு அரிக்கிறதா? அரிக்கும், பள்ளிக்கூடத்து அடிக்கோல் ஒன்று பத்திரமாக வைத்திருக்கிறேன், முதுகுக்கு அதைவிடச் சிறந்தது இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கால் பிடித்து இழுக்கிறதா? இழுக்கும், லில்லி தேய்த்துவிடுவாள். வயிறு வீங்குகிறதா? நீர் கட்டினால் எடுத்துவிடுவார்கள். வேட்டிதான் கொஞ்சம் பெரிய அளவாக வேண்டும். வெளியே போக, நாலு பேரைப் பார்க்கத் தயக்கமா? படிக்கட்டுச் சீட்டு கிடைத்தால் தயக்கமே இல்லை. ஆக, உங்கள் நோயால் வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கிறதா? "இல்லவே இல்லை" என்றேன். அந்தப் பிள்ளை என்னையே பார்த்தது. நல்ல பதிலை ஒரே மூச்சில் கேட்ட ஆச்சரியம்.

பிறகு லில்லியிடம் போய் உட்கார்ந்தது. அங்கே என்னமோ நீண்டுகொண்டே போனது. எனக்குக் காதில் விழவில்லை. நடுவில் லில்லி சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள். புழுக்கம். அந்த வராந்தாவில் ஃபேன் கிடையாது. பேஷண்ட் நான், நீளமான பதில் அவளுடையது! மறதிக்காரர்கள் அப்படித்தான், தம்பி. கேட்ட கேள்வி மறந்துபோய் எங்கெங்கோ போவார்கள்.

அவளிடம் மாற்றம் மறதி மட்டும் இல்லை. ஒன்றொன்றாகக் கவனித்திருக்கிறேன். கோயில் பாடகர் குழுவில் அத்தனை வருடம் பாடியவள், நின்றுவிட்டாள். கேட்டால், "தொண்ட சரியில்ல" என்கிறாள். கோயம்புத்தூரில் இருக்கிற தங்கச்சி வருந்தி வருந்திக் கூப்பிடுகிறாள், போவதில்லை. "எனக்கு டிரெயின் ஒத்துக்கிடாது" என்கிறாள். டிரெயின் ஒத்துக்கொள்ளாதாம், தபால் வேலை பார்த்தவளுக்கு! உப்பில்லாத குழம்பைத்தான் அவளும் சாப்பிடுகிறாள். நாக்கே செத்துவிட்டது போலிருக்கிறது. இரவில் நான் எழுந்தால் அவளும் எழுந்துவிடுகிறாள், பகலில் பஸ்ஸில் இப்படித் தூங்கிவிழுகிறாள். எனக்கு நோய் வந்த பிறகுதான் எல்லாம். ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கும் வர வேண்டுமா? ஆனால் என்னுடையது பரவாயில்லை. பி தரம், மருந்து இருக்கிறது. அவளுடையதற்கு என்ன மருந்து?

அதனால் இன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். லில்லி மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"என்ன மாதிரி தப்பாச் சொல்றாங்க சார்?" என்று கேட்டார்.

தாமிரபரணி, அம்பாசமுத்திரம், கல்யாணப் பந்தல் எல்லாம் சொன்னேன்.

"தினமும் காலையிலயா?"

"தினமும். காப்பிக்குப் பிறகு."

டாக்டரம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நோயின் தீவிரம் அப்படி. "நீங்க திருத்துறீங்கல்ல சார்?"

"திருத்தாமல் விடுவேனா?"

"விடாதீங்க. ஒரு நாள் கூட விட்டுடாதீங்க. அவங்களுக்கு அதான் சார் மருந்து" என்றார்.

கேட்டீர்களா? நான்தான் மருந்து! எனக்குத்தான் எல்லோரும் மருந்து கொடுக்கிறார்கள் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து லில்லி உள்ளே வந்தாள். அந்த டாக்டரம்மா, படித்த பெண், ரகசியம் காக்க வேண்டாமா? "அம்மா, சார் உங்க மறதிய நெனச்சு ரொம்பக் கவலப்படுறாங்க" என்று போட்டு உடைத்துவிட்டார். லில்லி என்னைப் பார்த்தாள். டாக்டரம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. சிரித்து முடிக்கிற நேரம் லில்லி கண்ணில் தண்ணீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் நோய் தனக்கே தெரியாமல் இருப்பது எவ்வளவு பரிதாபம்!

என்ன கேட்டீர்கள்? நடுவர் வேலையை ஏன் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்றா? நல்ல கேள்வி. அது போன வருடத்துப் பொறாமை.

போன வருடம் தலைப்பு, "குடும்பத்தின் நிம்மதிக்கு உதவுவது பேச்சா, மௌனமா?" நல்ல தலைப்பு, நான் கொடுத்தது. பேச்சு அணிக்குத் தலைவர் தங்கதுரை மாஸ்டர். பாவம், வாரக்கணக்காகத் தயார் செய்திருந்தார். மேடை, விளக்கு, பின்னால் தேக்சாக்களில் கறி கொதிக்கிற வாசனை. நான் எழுந்தேன், மைக்கைப் பிடித்தேன், நேராகத் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். மௌனமே! காரணங்கள், மேற்கோள்கள், வரலாற்றுச் சான்றுகள். எல்லாம் சொல்லி, இரண்டு அணியும் சிறப்பாகப் பேசினார்கள் என்று பாராட்டி, நன்றியும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் யாரும் பேசியிருக்கவில்லை என்பது உண்மைதான். ஒரு நிமிடம் ஊரே வாயைத் திறக்கவில்லை. மௌனத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி உண்டா? போதகர் எழுந்து முடிவு ஜெபத்தைச் சொன்னார். இலை போட்டார்கள். கறி சூடாக இருந்தது. இத்தனை வருடத்தில் அசனத்தைச் சூடாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான் என்று எத்தனை பேர் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள் தெரியுமா? தீர்ப்பை முதலில் வைப்பது ஒரு புது உத்தி, தம்பி. எங்கள் ஊருக்கு அது கொஞ்சம் அதிகம். பேச்சுக்குத் தலைமை தாங்கிய தங்கதுரை மாஸ்டர் மட்டும் கடைசி வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து என் நாற்காலி மேல் அவருக்கு ஒரு கண்.

அன்றைக்கு இரவே களைப்பு என்று கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் ஓய்வெடுத்தேன். அந்த நாட்கள் அவ்வளவாக ஞாபகம் இல்லை. நல்ல ஓய்வு என்றால் அப்படித்தான் இருக்கும். லில்லி பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். அதற்கப்புறம்தான் அவளுக்கு இந்தக் காலை நேரத்துத் தப்புகள் ஆரம்பித்தன. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் மூளைக்கு ரத்தம் போகாது.

இப்படிப்பட்டவள் கையில் என் தீர்ப்பு! அதுதான் என் வழக்கு. தாமிரபரணியை ராமேஸ்வரத்துக்குத் திருப்பிவிடுகிறவள், நான் மேடை ஏறலாமா என்று முடிவு செய்ய வேண்டும். நியாயமா? ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் மீற மாட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். அவள் வேண்டாம் என்று சொன்னதை மீறி நான் செய்தவை இரண்டே காரியங்கள், இரண்டும் பரம்பரை நிலத்தில் கிணறு வெட்டியது. இரண்டிலும் தண்ணீர் வரவில்லை.

தென்திருப்பேரை தாண்டிவிட்டோமா? எழுந்துவிட்டாள். கூடையை எடுக்கிறாள். ஏளா, இன்னும் நேரம் இருக்கு, உக்காரு! கேட்கவில்லை பாருங்கள். நம் ஊர் வருவதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. பார்த்தீர்களா தம்பி, கண்ணெதிரே பார்த்தீர்களா? எந்த இடத்தில் இறங்குவது என்றே தெரியவில்லை. கண்டக்டர், அவள நிறுத்துங்க. என்ன? வேதக்கண்விளையா? இதுவா? அட, ஆமாம், ஆசீர் நிற்கிறான். ரோடு அகலப்படுத்துகிறேன் என்று மரத்தை எல்லாம் வெட்டிவிட்டார்கள், ஊர் அடையாளமே தெரியவில்லை.

இருங்கள், முன்னால் கூட்டம் இறங்கட்டும். எனக்கு அவசரம் கிடையாது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் நன்றாகத் திறங்கள் தம்பி. லில்லி இறங்கிவிட்டாள். ஆசீர் கேட்கிறான். காதில் விழுகிறதா?

"என்னக்கா, சார் வாராவளா? தங்கதுரை சார் காலையிலருந்து மூணு தடவ போன் போட்டுட்டாவ."

"அவரையே போட்டுரு ஆசீர். சார் வரல."

பார்த்தீர்களா, முடிந்தது. என் நாற்காலி போயிற்று.

"டாக்டர் கூடாதுன்னுட்டாவளா அக்கா?"

"டாக்டர் ஒண்ணும் சொல்லல. சாருக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஆசீர், மறதி கூடிட்டு. என்னத் தனியா விட்டுட்டு மேடையில போயி உக்கார மாட்டேன்னு சார் கண்டிசனாச் சொல்லிட்டாவ."

"உங்களுக்கா மறதி? வெளாடாதீங்கக்கா. எங்க வீட்டு வெலாசத்த எங்கப்பாவே உங்ககிட்டதான கேப்பாவ?"

"அது அப்போ. இப்போ தாமிரபரணி எங்க போயி விழுதுன்னே தெரியல. யாரு கேட்டாலும் இதயே சொல்லு. சார் எனக்காக விட்டுக்குடுத்துட்டாவன்னு மைக்குலயும் சொல்லச் சொல்லு."

தம்பி, நான் இதை எப்போது சொன்னேன்? மேடைக்கு வர மாட்டேன் என்று நான் சொன்னேனா? ஆட்டோவில் சொன்னேனோ? யோசித்துப் பார்த்தால், சொல்லியிருப்பேன். நான் சொல்லக்கூடிய வாக்கியம்தான் அது. எழுவாய், பயனிலை எல்லாம் என்னுடையது மாதிரியே இருக்கிறது. சரியான முடிவும்கூட. மனைவி இந்த நிலைமையில் இருக்கும்போது மைக் பிடித்துக்கொண்டு நின்றால் ஊர் என்ன சொல்லும்? தங்கதுரை ஒரு தடவை உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். விசிலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

பாருங்கள், ஒன்று கவனித்தீர்களா? தன் நோயைத் தானே ஒத்துக்கொண்டாள், அதுவும் நடுரோட்டில், ஆசீரிடம். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன். எனக்கு அந்த நிலைமை வரவில்லை என்பது வேறு விஷயம்.

வருகிறேன் தம்பி. தூத்துக்குடியில் மாமனாரைக் கேட்டதாகச் சொல்லுங்கள். டிரைவர், ஒரு நிமிசம், படியப் பாத்துத்தான் இறங்கணும், கால் ரெண்டும் கொஞ்சம் வீங்கியிருக்கு. அதோ, படிக்கட்டுக்குக் கீழேயே வந்து நின்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். பாவம், நான் பிடித்துக்கொள்ளாவிட்டால் அவளால் ரோட்டைத் தாண்ட முடியாது.